துடக்குவீட்டு வேட்பாளர்

தொண்ணூறுகளில் ஆறு வருடம் நான் ஸ்காபரோவுக்குப் புலம்பெயர்ந்த தமிழர்களின் சாவை வாசித்தேன். பகலில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளில் கடுகளவு பாகங்களைப் பொருத்துவேன். மாலை ஏழு மணிக்குத் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல். அந்த வானொலி சாதாரண ரேடியோவில் எடுபடாது, அதற்கென்று ஒரு தனிப் பெட்டி வாங்கவேண்டும். பிரிட்ஜுக்கு மேலே அந்தப் பெட்டி இல்லாத தமிழ் வீட்டை நான் கண்டதில்லை. ஏழு மணியானதும் சத்தம் போடவேண்டாம் என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அதட்டுவார்களாம். ஆறு வருடமாக அந்தப் பிள்ளைகளின் பொது எதிரி நான்தான்.

அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், லண்டன் மகன், சுவிஸ் மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கடைசியில் காலமான திகதி. இதை இரண்டு முறை வாசிக்கவேண்டும். முதல் முறை வாசிக்கும்போது கேட்பவர்கள் “ஆர், ஆர்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் முறைதான் பேனா எடுப்பார்கள். திகதியில் நான் கண்டிப்பு. திவசத்துக்கு நாள் பார்ப்பவர்கள் நான் சொல்வதை வைத்துத்தான் கலண்டரில் குறிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசி எடுத்துச் சரிபார்ப்பேன். ஒருமுறை ஒரு மருமகளின் பெயரை விட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அப்படியானால் அறிவித்தலே வாசிக்கமாட்டேன் என்றேன். பெயரோடு வாசித்தேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மருமகள் மட்டும் வருடப்பிறப்புக்குப் பலகாரம் அனுப்புவார்.

இப்படிப்பட்ட நான் அரசியலுக்குப் போனதற்குக் காரணம் என் மகளின் பள்ளிக்கூடம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. கணக்கில் அவளை வெல்ல அந்த வகுப்பில் ஆளில்லை. ஆனால் ஆங்கிலம் போதாது என்று சொல்லி, கணக்குப் பாடத்துக்கும் அவளைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். நியாயம் கேட்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களில் ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிள்ளை இங்கே சந்தோஷமாக இருக்கிறாளாம். மாலையில் ஒரு வணக்கத்தால் ஸ்காபரோவின் வாயை மூடவைக்கிறவள் நான். அந்த அறையில் என் வாயிலிருந்து வந்தது ‘தேங்க்யூ’ மட்டும்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். மகளுக்காக அழவில்லை, அந்தத் தேங்க்யூவுக்காக அழுதேன். எப்படியாவது மேசைக்கு அந்தப் பக்கம் போய் இருந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எப்படிப் போவது என்று காட்டியவர் வேலையில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த யப்பானியப் பெண்மணி. மதியச் சாப்பாட்டோடு தன் நாட்டுப் பத்திரிகையை விரித்துவைத்துப் படிப்பார். ஒருநாள் அதில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார். முன்பு தொலைக்காட்சியில் அறிவிப்பாளராம். காலநிலையும் சமையல் குறிப்பும் சொன்னவராம். இப்போது பாராளுமன்ற உறுப்பினர். எங்கள் நாட்டில் இது சாதாரணம் என்றார். தேர்தலுக்கு அந்தப் பெண் என்ன செய்தார் என்று கேட்டேன். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாகனத்தில் ஏறி, ஒலிபெருக்கியில் காலை தொடக்கம் மாலை வரை தன் பெயரைச் சொன்னாராம். கொள்கை ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அதையெல்லாம் சொன்னால் சனம் பெயரை மறந்துவிடும் என்றார்.

அதன்பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி எது வந்தாலும் எனக்காக வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு குழுவில் இடம் கிடைத்தது. பிறகு துணை அமைச்சர் பதவி. பிறகு கட்சி மாறினார். கட்சி மாறிய படத்திலும் அதே சிரிப்பு. ஓர் அறிவிப்பாளரின் பயிற்சி என்பது அதுதான், எந்தச் செய்திக்கும் முகம் மாறக்கூடாது. “நீயும் வாசிக்கிறவள்தானே” என்று யப்பானியப் பெண்மணி ஒருநாள் கேட்டார். நான் என்ன வாசிக்கிறேன் என்பதை அவருக்கு முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. செய்தி என்று சொல்லியிருந்தேன். ஒருவகையில் செய்திதானே.

அந்த இலையுதிர் காலத்தில், பள்ளிக்கூடங்களை ஆளும் கல்விச்சபைக்குத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். பெயர் கொடுத்தேன். என் கணவர் பாண் சுடும் தொழிற்சாலையில் காலைவேலை செய்பவர். ஒரு நாளைக்கு இருபது வசனம் பேசினாரென்றால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “நல்ல படமொண்டு எடுக்கவேணும்” என்றார். அதுதான் அவருடைய சம்மதம். மறுநாள் தொடக்கம் வேலை முடிந்து வந்து, பெயர்ப்பலகைகளுக்குக் கட்டை அறைந்தார்.

முதல் அடி வானொலியிலிருந்தே வந்தது. வேட்பாளரின் குரல் தேர்தல் முடியும்வரை காற்றில் போகக்கூடாது என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். என் இடத்துக்கு, சினிமாப் பாட்டு நிகழ்ச்சி செய்யும் தம்பியைப் போட்டார்கள். அவர் நல்ல பிள்ளை, ஆனால் சந்தோஷமான குரல். “அடுத்ததாக…” என்று அவர் தொடங்கினால் செத்தவர் எழும்பி ஆடுவார்போல இருக்கும். சனம் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தது.

இரண்டாவது அடி என் குரல். யப்பானிய அறிவிப்பாளரின் கதையை வைத்து, நாளாந்தம் வீட்டுக்குள் வருகிற ஆளுக்குச் சனம் கதவு திறக்கும் என்று நம்பி, வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தேன். “வணக்கம்” என்றதும் மறுமுனையில் “ஐயோ, ஆர்?” என்பார்கள். ஒருவரும் சாகவில்லை, நான் தேர்தலில் நிற்கிறேன் என்பேன். மறுமுனையில் பெருமூச்சு. அந்த நிம்மதியில் கதை முடிந்துவிடும், வோட்டைப் பற்றிய பேச்சு வராது. ரெக்ஸ்டேலில் இருக்கும் ஓர் அண்ணை வேறொரு நியாயம் சொன்னார்: “நீங்கள் வெண்டுபோட்டியள் எண்டால் பிறகு ஆர் வாசிக்கிறது? எங்களுக்கும் வயசு போகுதெல்லே.” அவருக்கு எங்கள் வட்டாரத்தில் வோட்டே இல்லை. இருந்தும் அபிப்பிராயம் இருந்தது.

ஆகவே தொலைபேசியை விட்டுவிட்டு நேரே போய்க் கதவு தட்டத் தொடங்கினேன். முகத்தைக் கண்டால் சனம் பயப்படவில்லை. எங்கள் வட்டாரத்து டோர்செட் பார்க்கில் தொடர்மாடிகளில் ஒவ்வொரு மாடியாக ஏறினேன். தேநீர் தந்தார்கள், வடை தந்தார்கள், பிரஜாவுரிமை எடுத்தவர்கள் வோட்டும் தருவதாகச் சொன்னார்கள். வெல்வேன் என்ற நம்பிக்கை எனக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான். அந்த நம்பிக்கை வந்து ஐந்து நாளில் யாழ்ப்பாணத்தில் என் மாமனார் காலமானார்.

செய்தி எங்களுக்கு மூன்று நாள் பிந்திக் கொழும்பிலிருந்து வந்தது. சனிக்கிழமை காலை. நான் துண்டுப்பிரசுரங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். கணவர் குசினியில் தொலைபேசியைக் கேட்டார். “ஓம்… ஓம்… ஆர் கொள்ளி வைச்சது?” என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. மூத்த மகன் இவர். யுத்தத்துக்குள் போகவும் ஏலாது, போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது. மச்சான் முறையான ஒருவர் கொள்ளி வைத்திருக்கிறார். தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்த் தோய்ந்துவிட்டு வந்தார். தலை ஈரத்தோடு கதிரையில் இருந்தார்.

சாவு விழுந்த வீட்டாருக்கு எங்களில் முப்பத்தொரு நாள் துடக்கு. அது கழியும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் ஒன்றுக்கும் போகக்கூடாது, மற்றவர் வீட்டு வாசலை மிதிப்பதே சரியில்லை. தேர்தலுக்கு இருந்தது மூன்று கிழமை. கதவு தட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

“இப்ப வெளியிலை சொன்னால் நீர் ஒரு வீட்டுக்கையும் கால் வைக்கேலாது,” என்றார் கணவர்.

நான் துண்டுப்பிரசுரக் கட்டைக் கீழே வைத்தேன்.

“தேர்தல் முடியட்டும். பிறகு சொல்லுவம். லண்டனிலை தம்பிக்கும் சொல்லிப்போட்டன், வாய் திறக்கமாட்டான்.”

வேண்டாம், இது சரியில்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் தானாகவே சொன்னாரே என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகும். பத்து மணிக்கு இரண்டு பேரும் கதவு தட்டுவதற்குக் காரில் ஏறினோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். சோறு போதுமானதாக இருந்தால் மறைக்கலாம் என்பதை நான் அந்த மூன்று கிழமையில் கண்டுபிடித்தேன். அவர் மச்சமாமிசம் சாப்பிடுவதை விட்டார், தாடி வழிப்பதை விட்டார். கேட்டவர்களுக்கு, நான் வெல்லவேண்டும் என்று நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார் என்றேன். எப்படிப்பட்ட புருஷன் என்று பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். தீபாவளியன்று கோயில் வாசலில் நின்று சனத்தைக் கும்பிடுவதென்று ஆதரவாளர்கள் ஒழுங்கு செய்திருந்தார்கள். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, எனக்கு மாதவிலக்கு என்று சொல்லி வாகனத் தரிப்பிடத்திலேயே நின்று கும்பிட்டேன். ஆறு நாள் கழித்துச் சூரன்போருக்கும் அதே கோயிலில் அதே காரணத்தைச் சொன்னேன். ஐயரின் மனைவி எனக்கு ஒரு நல்ல டொக்டரின் விலாசம் எழுதித் தந்தார்.

இதெல்லாம் சிரிக்கக்கூடியது. சிரிக்கமுடியாதது ஒன்றும் நடந்தது. டோர்செட் பார்க்கில் தொடர்மாடியிலிருந்த ஓர் அன்ரி, மகளும் மருமகனும் வாங்கிய புது வீட்டுக்குப் பால்காய்ச்சக் கூப்பிட்டார். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அங்கே ஐம்பது பேர் வருவார்கள், அத்தனை பேரும் எங்கள் வட்டாரம். போனேன். கணவர் இறங்கவில்லை. “நீர் போம். நான் காருக்குள்ளை இருக்கிறன்,” என்றார். வாசலில் அன்ரி என் கையைப் பிடித்து நேரே சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தீப்பெட்டியைத் தந்தார்.

“பெரியாக்கள் வந்திருக்கேக்கை நான் கொழுத்தக்கூடாது. நீங்கள் கொழுத்துங்கோ, பிள்ளை.”

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடக்குக் கையால் ஒரு புதுவீட்டின் முதல் விளக்கை ஏற்றினேன். முகம் மாறவில்லை. நான் பயிற்சி பெற்ற அறிவிப்பாளர். எல்லாரும் கைதட்டினார்கள். அன்ரி ஜன்னலால் எட்டிப்பார்த்துவிட்டு, ஒரு தம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு குளிருக்குள் காருக்குப் போனார். திரும்பிவந்து, “தம்பி வேண்டாமாம். நிறுத்த இடமில்லை, காரை விட்டிட்டு வரேலாது எண்டுறார்,” என்றார். வீட்டுக்கு முன்னால் ஆறு கார் நிறுத்த இடம் கிடந்தது. அன்ரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தேர்தல் திங்கட்கிழமை. ஐந்து பேர் நின்றோம். நான் மூன்றாவதாக வந்தேன். வென்றவர் இருபது வருடமாக அந்தச் சபையில் இருப்பவர். அவர் ஒரு கதவையும் தட்டியதை நான் காணவில்லை. முடிவு தெரிந்ததும் கணவர் வெளியே போய், எங்கள் தெருவிலிருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காரில் ஏற்றினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த வாரமும் மகள் அதே கீழ்வகுப்புக் கணக்குக்குத்தான் போவாள், மேசைக்கு அந்தப் பக்கம் அதே மூன்று பேர்தான் இருப்பார்கள். இதற்காகவா ஒரு மனிதனின் சாவைப் பரணில் போட்டு வைத்திருந்தோம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாட்டுத் தம்பியைச் சனம் இனிப் பொறுக்காது, இன்றைக்கே வாருங்கள் என்றார்கள். கணவர் ஒரு தாளை மடித்து என் கையில் தந்தார். தன் தகப்பனின் அறிவித்தல். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். பிறந்த ஊர், மனைவி, மக்கள், மருமக்கள் வரிசையில் என் பெயர், பேரப்பிள்ளை வரிசையில் மகளின் பெயர். கடைசி வரியில், ‘நேற்றுத் திங்கட்கிழமை காலமானார்’ என்று இருந்தது.

“சனம் உம்மைப் பேசக்கூடாது,” என்றார்.

மாலை ஏழு மணிக்கு மைக்குக்கு முன்னால் இருந்தேன். அன்றைக்கு அது ஒன்றுதான் அறிவித்தல். முதல் முறை, எழுதியிருந்தபடியே வாசித்தேன். நேற்றுத் திங்கட்கிழமை காலமானார். குரல் பிசகவில்லை. வாசித்து முடிக்கும்போது என் கண்ணுக்குமுன் வந்தது மாமனாரின் முகமல்ல. பாரமான பெயர்ப்பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு எனக்குப் பின்னால் மாடிப்படி ஏறிய இவருடைய சவரம் செய்யாத முகம். அடுத்த வருடம் இவர் எந்த நாளில் திவசம் கொடுப்பார்? ஒரு பொய் நாளிலா? இல்லாவிட்டால் உண்மை நாளில் ஒளித்துக் கொடுப்பாரா?

இரண்டாம் முறை வாசிக்கத் தொடங்கினேன். பேனா எடுப்பவர்கள் எடுத்திருப்பார்கள். கடைசி வரிக்கு வந்ததும் உண்மையான திகதியை வாசித்தேன். கடந்த மாதத்துத் திகதி. பிறகு, “முதலில் வாசித்த திகதி பிழை, இதுவே சரியானது, நேயர்கள் திருத்திக்கொள்ளவும்” என்று, மற்றவர்களின் அறிவித்தலில் பிழை வந்தால் சொல்வதைப் போலவே சொன்னேன். வீர வசனம் பேசுவதாக நினைக்கவேண்டாம். வென்றிருந்தால் முதல் திகதியோடு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனி நடக்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் பாதிப்பேர் விரல் விட்டு எண்ணுவார்கள். இந்தத் திகதிக்குப் பிறகு இவள் எங்கள் வீட்டுக்கு வந்தாளே, எங்கள் வடையைச் சாப்பிட்டாளே, எங்கள் விளக்கை ஏற்றினாளே. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பஸ்ஸில் வரும்போது, வேறு எந்த நகரத்தில் வாடகை மலிவு என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் மாடியில் எலிவேட்டர் கதவு திறந்ததும் சப்பாத்துகள். எங்கள் வாசல் வரை இரண்டு வரிசையாகச் சப்பாத்துகள், செருப்புகள், குளிர்காலப் பூட்சுகள். வீட்டுக்குள் நிற்க இடமில்லை. துண்டுப்பிரசுரத்தை வாங்கி மடித்துப் பையில் போட்ட முகங்கள், கதவைப் பாதி திறந்த முகங்கள், எனக்கு வோட்டுப் போடவில்லை என்று நான் உறுதியாக நம்பும் முகங்கள். சமையலறையில் மூன்று சட்டி சோறு இருந்தது. செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அவரவர் வீட்டில் ஆக்கியதைக் கொண்டு வந்திருந்தார்கள். நடுவிலே கணவர் நிலத்தில் இருந்தார். முன்பின் தெரியாத ஒரு கிழவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

பால்காய்ச்சிய அன்ரி சமையலறையில் நின்று சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அன்ரி, உங்கட மகளின்ரை வீட்டு விளக்கு…” என்று தொடங்கினேன்.

“விளக்குக்கு என்ன,” என்றார், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஐயரைக் கூப்பிட்டுத் தண்ணி தெளிச்சுப்போட்டுத் திரும்பக் கொழுத்தலாம். இருபத்து நாலு நாள் அந்தப் பிள்ளையை அழவிடாமல் காருக்குள்ளை இருத்தி வைச்சிருந்தனீர். உதுக்கு எந்த ஐயரைக் கூப்பிடப் போறீர்?”

பிறகு தட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.